நானூற்றுப் பன்னிரண்டு

வாலிநோக்கம் விலக்கில் இறங்கி
சீமைக்கருவேலுக்குள் இரண்டு கிலோமீட்டர்.
உப்பளத்துப் பம்ப் அறைச் சுவரில், பல்லிக்குக் கீழே,
சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி.
பில்லில் கேட்வே என்று இருக்கிறது.
ராக்கு அதைத் தபால்பெட்டி என்கிறாள்.
தப்பில்லை.

ஒரு பக்கம் நீல வயர்.
அதன் வழியே மதுரை கேட்கும், சென்னை கேட்கும்,
யாரோ ஒருவரின் கைப்பேசியும் கேட்கும்,
எல்லாம் ஒரே நேரத்தில்,
ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு டோக்கன் ஒட்டி.

மறுபக்கம் முறுக்கிய இரண்டே கம்பி.
தெப்பக்கரையோரம் எண்ணூறு அடி ஓடி
ஆறு கருவிகளைக் கோத்து நிற்கிறது.
அங்கே ஒரு நேரத்துக்கு ஒரு வாய்தான்.
பெயர் சொல்லிக் கேட்டாலொழிய எதுவும் பேசாது.
பேசி முடித்ததும் மூன்றரை எழுத்து நேரம் மௌனம்;
அந்த மௌனம்தான் முற்றுப்புள்ளி.

பெட்டி செய்வது இவ்வளவே:
டோக்கனைப் பிய்த்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு
கேள்வியை மட்டும் கம்பியில் இறக்கும்,
வால்பக்கம் இரண்டு பைட் கணக்குச் சேர்த்து.
பதில் வந்தால் கணக்குப் பார்க்கும், கழற்றி எறியும்,
டோக்கனை மறுபடி ஒட்டிக் கேட்டவருக்கே அனுப்பும்.
தண்ணீர் குறித்து அதற்கு
அபிப்பிராயம் கிடையாது.

என்னை வரச்சொன்ன காரணம் ஓர் எண்.
நாலு நாளாகச் சென்னைத் திரையில்
கூடாமல் குறையாமல்
மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு கன மீட்டர்
கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

“செவ்வாக்கிழமையே மோட்டாரு படுத்துருச்சு தங்கச்சி.
போன் போட்டுச் சொன்னேன்.
ஸ்கிரீன்ல ஓடுதேங்கிறாக.”

வாசலில் நின்று பார்த்தேன்.
தெப்பத்தின் ஓரம் வெடித்துக் கிடந்தது.
கச்சான் காற்று சும்மா அடித்துக்கொண்டிருந்தது.

லேப்டாப்பை மடியில் வைத்து
கம்பியில் நானே கேட்டேன்: ஒன்று, இருக்கிறாயா?
இரண்டு குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து
நொறுங்கி வந்தன.
திங்களன்று யாரோ புது மீட்டர் ஒன்றை
வரிசையில் மாட்டிப் போயிருக்கிறார்கள்.
அட்டைப்பெட்டியிலிருந்து வரும் எந்த மீட்டரும்
தன்னை ஒன்று என்றே எண்ணிக்கொண்டு வருகிறது.
பம்ப் மீட்டர் ஏற்கெனவே ஒன்று.
கணக்கு ஒத்துவராத பேச்சைக்
கேட்வே கீழே போட்டது. அது சரி.

சரியில்லாதது
அமைப்புப் பக்கத்தில், கீழே, ஒரு சின்னக் கட்டம்.
‘பதில் இல்லையேல் பழைய மதிப்பைக் கொடு.’
டிக் செய்திருந்தது.
டிக் செய்தவள் நான்.
இரண்டு வருஷத்துக்கு முன்,
ராத்திரியில் அலாரம் கத்துகிறது என்று
ஒருவர் கத்தியதற்காக.

பழைய ஒன்றின் கம்பியைக் கழற்றினேன்;
கழற்றாவிட்டால் ‘இனி நீ ஏழு’ என்பதை
இரண்டும் கேட்டுக்கொள்ளும்.
புதியது ஏழாயிற்று, முணுமுணுக்காமல்.
டிக்கை எடுத்தேன்.
கழற்றிய கம்பி கையில் இருக்கும்போதே
நீல வயர்ப்பக்கம் போய் ஒன்றைக் கேட்டேன்.
பெட்டி ஒரு விநாடி காத்தது.
பிறகு பிழை எண் பதினொன்று:
நான் இருக்கிறேன், அந்தக் கருவி பேசவில்லை.

இரண்டு வருஷமாக இதைச் சொல்லத்தான்
விடாமல் வைத்திருந்தேன்.

திருகின் தலையில் பூத்திருந்த உப்பைச் சுரண்டி
கம்பியை மாட்டினேன்.
ஒன்று இப்போது தெளிவாகச் சொன்னது: பூஜ்யம்.

ஐந்து நிமிஷத்தில் சென்னையிலிருந்து போன்.
“ஹமீதா, என்ன பண்ணீங்க?
இதுவரைக்கும் நல்லாத்தானே ஓடிட்டிருந்தது?”

போனை ராக்குவிடம் கொடுத்தேன்.