உள்ளே போன ஆமாம்

தெப்ரெ மார்க்கோஸில் முதல் வாரம்.
முக்காலோடு அரையைக் கூட்டிக் காட்டி
"புரிந்ததா?" என்றேன்.
முன்வரிசை வொர்க்நெஷ்
சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தாள்,
சூடு பட்டவள்போல.

பயந்துவிட்டாள் என்று
குரலைத் தணித்து மறுபடி ஆரம்பித்தேன்.
மறுபடி மூச்சு.
மறுபடி முக்கால்.
நான்கு நாள் அதையே நடத்தினேன்,
அறுபத்திரண்டு பேரும் பொறுத்துக்கொண்டார்கள்.

வேதியியல் ஸெரிஹூன்தான்
காபியில் உப்புப் போட்டுக்கொண்டே சொன்னார்:
"அது 'ஆமாம்', டீச்சர்."
தானும் ஒருமுறை
இழுத்துக் காட்டினார்.

இப்போது மாசி.
போனில் வளவன் கேட்கிறான்,
"சம்பளம் ஏறிடுச்சா?"

என்னையறியாமல் இழுக்கிறேன்.

"ஐயோ, என்னாச்சு?
என்னாச்சு?" என்று
குரலைத் தணித்துக்கொண்டு
கேட்டபடியே இருக்கிறான்.