ஒன்பதாவது ரீலுக்குப் பிறகு

சந்திரமதி டாக்கீஸில்
பெண்கள் கவுண்டர் என்பது சுவரில் ஒரு ஓட்டை.
ஒரு கை நுழையும்.
வளையல் அதிகமென்றால் அதுவும் நுழையாது.
பதினோரு வருஷம் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.
ஊத்துக்கோட்டையில் பாதிப் பேரை
எனக்கு முகம் வைத்துத் தெரியாது.

சூளைக் கை தெரியும்,
ரேகைக்குள் செங்கல் பொடி போயிருக்கும்.
நடவு முடிந்து நேராக வந்த கை
சில்லறையோடு கொஞ்சம் சேறும் தரும்.
மஞ்சள் காயாத கை ஒன்று வந்தால்
அதை இழுத்துக்கொண்டு
இன்னொரு கை முன்னால் வரும், மாமியாருடையது.

சத்தியவேட்டிலிருந்து பஸ் ஏறி வருவார்கள்.
ரெண்டு என்றால்
எல்லைக்கு இந்தப் பக்கமும் ரெண்டு, அந்தப் பக்கமும் ரெண்டு.
மூணா மூடா என்று வரும்போதுதான்
யார் எந்தப் பக்கம் என்று பிடிபடும்.

கல்லாவை எண்ணி, வரி முத்திரைக்குக் கணக்கெழுதி
நான் உள்ளே போவதற்குள்
கதாநாயகன் வளர்ந்துவிடுவான்.
எந்தப் படத்திலும் யாரையும்
குழந்தையாக நான் பார்த்ததில்லை.

இரண்டு ஊருக்கும் ஒரே பெட்டி.
அங்கே ஓடிய ரீல் சூடு ஆறுவதற்குள்
முனிரத்தினத்தின் டிவிஎஸ் ஃபிப்டியில் இங்கே வரும்.
செக்போஸ்டில் திறக்கச் சொன்னால்
ஒரு முழம் உருவி லைட்டுக்கு நேரே பிடிப்பான்:
"அழுவுறாங்க சார், பாருங்க. கடத்தலா இது?"

ரோட்டின் மேல் ஓடை ஏறிய ஐப்பசி ராத்திரி
ஒன்பதாவது ரீல் முடிந்தது.
வெளியே புருஷன் கதவைத் தட்டுகிறான்,
உள்ளே அவள் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறாள்,
அத்தோடு வெள்ளைத் திரை.
ஆப்பரேட்டர் கஜபதி கார்பனை அணைத்தார்.
விசில். வசவு. பிறகு மழை மட்டும்.
காசைத் திருப்பிக் கேட்டவர்களுக்கும்
போக பஸ் இல்லை.

இருட்டில், பெண்கள் பக்கம், ஒரு குரல்:
நேற்றே அங்கே பார்த்துவிட்டாளாம், சொல்லட்டுமா என்றாள்.
தெலுங்கில்தான் சொன்னாள்.
"தலுப்பு தெரவலேது."
கதவத் தொறக்கலயாம், என்றாள் பக்கத்தில் ஒருத்தி.
தொறக்கலயாம், தட்டியைத் தாண்டிப் போயிற்று.
கடைசி பெஞ்சை எட்டுவதற்குள்
கதவுக்கு ஒரு பூட்டும் சேர்ந்துவிட்டது.

விளக்கை ஊதி அணைத்தாளாம்.
விடிய விடிய அவன் நனைந்தானாம்.
பின்வாசல் வழியாகப் பிள்ளையையும்
தையல் மிஷினையும் வண்டியில் ஏற்றி
போயே விட்டாளாம்.
எங்கே என்று யாரோ கேட்டார்கள்.
அது படத்தில் இல்லை என்றாள்.

விடியற்காலை முனிரத்தினம்
தலையில் பெட்டியோடு, இடுப்புவரை ஈரமாக வந்தான்.
மிச்சமிருந்த நாற்பது பேருக்குக் கஜபதி ஓட்டினார்.
திரையில் கதவு திறந்தது.
அவள் அவன் காலில் விழுந்தாள்.
மூன்று ரீல் அழுது மன்னித்து சுபம்.

"இது வேற படம்" என்றாள் சூளைக்காரி ஒருத்தி.
"பொட்டிய மாத்திக் குடுத்துட்டானுங்க."
முனிரத்தினம் பிள்ளைமேல் சத்தியம் செய்தான்.
ஒருத்தரும் நம்பவில்லை.

இப்போது அங்கே உர மூட்டை அடுக்குகிறார்கள்.
ஓட்டையைப் பூசிய சிமென்ட் மட்டும்
சுவரோடு சேராமல் வேறு நிறத்தில் நிற்கிறது.

அந்தக் குரலை நான் கைகளில் தேடினேன்.
கைக்குக் குரல் ஏது.
மூடு என்று கேட்கிறவர்களிடம்
டிக்கெட்டைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொண்டு
"ஆ தலுப்பு?" என்பேன்.
பைத்தியம் என்று பிடுங்கிக்கொண்டு போவார்கள்.

தை மாசம், மாட்னி,
ஒரு கை காசை நீட்டியதும் என்னமோ தோன்றி
கதவு என்னாச்சும்மா என்றேன்.
விரல்கள் காசின்மேல் மூடிக்கொண்டன.
ஆள்காட்டி விரல் நுனியில்
ஊசி குத்திய புள்ளிகள், நாலோ ஐந்தோ.

பிறகு மெல்ல விரிந்தது.
ரெண்டு, என்றது.
ஒன்று அரை டிக்கெட்.