உறுப்பினர் எண் 2207

கெண்ட் நகரில், சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே
எங்கள் சங்கத்தின் தலைமையகம்.
நாற்பத்தோரு நாடுகள். ஒரே ஒரு கழிப்பறை.

பாதம் அழுத்துவோர், ஊசி குத்துவோர்,
பூச்சாற்றைச் சொட்டுச் சொட்டாய் எண்ணுவோர்
எல்லோருக்கும் நான்தான் எண் தருகிறேன்.
காப்பீட்டுக்கு ஒரு தாள், சுவருக்கு ஒரு தாள்.

இன்று புகார்க் குழு.
பெர்கனிலிருந்து ஒரு தாயின் கடிதம்:
மகனின் இன்சுலினை நிறுத்தச் சொன்னாராம்
ஸ்வெர்ரே ஹௌக்லாண்ட்.
பையன் பிழைத்துக்கொண்டான், மூன்று நாள் தீவிர சிகிச்சையில்.
கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு
மறுபடி அதையே எழுதியிருந்தாள்.

மான்டிவிடியோ ஹோமியோபதிக்காரர்
திரையில் கொட்டாவியை விழுங்கினார்; அங்கே இன்னும் விடியவில்லை.
"நல்ல மனிதர்" என்றார் கோடலீவ்,
"மாநாட்டில் என் முதுகை நிமிர்த்தியவர்."
கைகள் உயர்ந்தன. ஐந்தில் நான்கு.
கோடலீவின் கை
மேஜைமேல் தன் விரல் எலும்புகளைத் தடவிக்கொண்டிருந்தது.

எங்களிடம் சிறை இல்லை, சட்டம் இல்லை,
ஒரு கடையைப் பூட்டச் சாவிகூட இல்லை.
இருப்பது ஒரு பதிவேடு.
அதில் ஒரு வரியை அழித்தேன்.
விதி பதினான்கு: சான்றிதழைத் திருப்பி அனுப்பவேண்டும்.

அனுப்பினார், மரச்சட்டத்தோடு,
கண்ணாடி உடையாமல்
கம்பளிக் காலுறைகளில் சுற்றி.

ஐந்து வாரம் கழித்து அந்தத் தாய் எழுதினாள்:

கடை திறந்துதான் இருக்கிறது.
ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள்.
சன்னல் வழியே பார்த்தேன்.
சுவரில் நீங்கள் தொங்கிய இடம் மட்டும்
இன்னும் நிறம் மங்காமல் இருக்கிறது.