ஐந்தடிக்கு இருபதடி

என் வேலை கேட்பது மட்டும்.
பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு மாடியில் இருக்கிறார்கள்.
ஒன்றிலிருந்து ஐந்துவரை கட்டங்கள்,
கீழே 'பிற கருத்துகள்' என்று இரண்டு வரி.
மாஸ்பெத்தில் யாருக்கும் அந்த இரண்டு வரி போதவில்லை.

நடைபாதையை வெட்டி
ஐந்தடிக்கு இருபதடி தோண்டி
கல்லும் மணலுமாய் அடுக்கி
கோரையும் ஆஸ்டரும் நட்டு
சுற்றிலும் முழங்கால் உயரக் கம்பி.
மழைத்தோட்டம் என்கிறது பலகை.
குய்க்லி அதைக் குழி என்றுதான் சொல்கிறார்.
"என் வாசலில் குழி வெட்ட
என்னைக் கேட்டார்களா?
ஒருநாள் காலையில் வந்து பார்த்தால்
தரையில் பச்சைப் பெயிண்டில் ஒரு பெட்டி,
வெட்டப்போகிற மரத்துக்கு அடையாளம் வைக்கிற மாதிரி."
கட்டம் ஒன்று.

எதிர்வீட்டு ப்ரோனிஸ்லாவா
கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசினாள்.
கொசு. எலி.
காரிலிருந்து இறங்கினால் கால் வைக்க இடமில்லை.
கம்பியில் இடித்துக்கொண்ட முழங்காலை
இடுக்கு வழியே காட்டினாள்.
"நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும்" என்றேன்.
பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வாக்கியம்.
"கொசுவுக்கு மணி பார்க்கத் தெரியுமா?"
அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

தெருவுக்குக் களை வந்துவிட்டது என்றாள் யாதிரா.
தெருவில் களை வந்துவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.
இருவர் விரலும் ஒரே கோரையைத்தான் காட்டின.

பிறகு யாரோ
என் கணுக்காலைக் கூப்பிட்டார்கள்.

நடைபாதை மட்டத்தில் ஒரு ஜன்னல்,
அதன் கம்பிக்குப் பின்னால் பாதி முகம்.
சங்கிலி போட்ட கதவுக்கு நேர் கீழே.
என் பட்டியலில் இல்லாத முகம்.
பட்டியல் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கானது.

ஃபுட்டி என்று பெயர் சொன்னாள்.
இரண்டு வருஷத்துக்கு முந்திய செப்டம்பரில்
கழிப்பறை வழியே தெரு மேலே வந்ததாம்.
சுவரில் கோடு இருக்கிறது,
சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை.
அதிலிருந்து மழை என்றால்
பாஸ்போர்ட்டையும் மகனின் பள்ளிக் காகிதங்களையும்
பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு
படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவாள்.
"போன மாத மழைக்கும் உட்கார்ந்தேன்.
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ராத்திரி முழுக்க அது குடிக்கிற சத்தம்.
மாடு குடிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி."
அன்று தண்ணீர் வரவில்லையா?
"வரவில்லை."
குழியாலா?
"தெரியாது. மழை சின்னதாகக்கூட இருந்திருக்கலாம்."

எத்தனையாவது கட்டம் என்று கேட்டேன்.
"என்னை எழுதாதீர்கள்.
இங்கே ஆள் இருப்பது தெரிந்தால் மேலே அபராதம்,
கீழே நான் இல்லை."
பேனாவை மூடினேன்.

பதினான்கு வீடு. சராசரி இரண்டுக்கும் கீழே.

திரும்பும்போது தூறல்.
குய்க்லி குடையோடு நின்றிருந்தார்.
"வா, உன் தோட்டத்தின் லட்சணத்தைப் பார்."
ஓரக்கல்லில் வெட்டிவிட்டிருந்த வாயை
ஒரு பீட்சா பெட்டி அடைத்துக் கிடந்தது.
தெருத்தண்ணீர் முட்டிப் பார்த்துவிட்டு
ஒதுங்கிச் சாக்கடைக்கு ஓடியது.
"ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. எழுது."
எழுதினேன்.
நனைந்த தாளில் ஒன்று, ஏழு மாதிரி இழுத்துக்கொண்டது.
அவர் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார்.
பிறகு யாரையோ திட்டிக்கொண்டே
செருப்புக் காலால் பெட்டியை எத்திவிட்டார்.

தண்ணீர் ஒரு கணம் தயங்கியது.
அப்புறம் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தது,
சிகரெட் துண்டு, இலை,
யாருக்கோ விழாத லாட்டரிச் சீட்டு
எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு.

"ஒன்றை மாற்றிவிடாதே" என்றார்.
மாற்றவில்லை.

தெருவின் அந்தப் பக்கம்
கணுக்கால் உயர ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
மழை வலுத்ததும்
அணைந்தது.