வெள்ளிக்கிழமைக் கட்டம்

ஒன்பது இரவு என்று ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்.
ஜூன் மாதக் கெமியில் இரவு ஏது.
ஒரு மணிக்கும் காகித ஆலையின் புகை
பளிச்சென்று தெரியும்.
ஹில்க்கா தூங்கவில்லை.
நாற்பத்தொரு பாட்டு எழுதினாள்.
நோட்டு தீர்ந்ததும் மாவுப் பையின் உட்புறம்,
அது தீர்ந்ததும் குளியலறைக் கதவு,
கதவும் தீர்ந்தபோது என் முழங்கை.

மெழுகுப் பென்சில். இரண்டு நாள் போகவில்லை.
நான் தேய்க்கவும் இல்லை.

எனக்கு அக்கார்டியன் தவிர எதுவும் தெரியாது.
அவள் முணுமுணுப்பதை என் விரல் துரத்தும்,
இரைக்கும், எட்டிப் பிடித்துவிடும்.
அந்த ஒன்பது நாள் வாசித்ததுபோல்
அதற்கு முன் வாசித்ததில்லை,
பின்னும் இல்லை.
பத்தாம் நாள் துறைமுகத்தில்,
கோடையில் சும்மா நிற்கும் பனி உடைக்கும் கப்பலைத்
தவணையில் வாங்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.
மாலுமிகள் சிரித்தார்கள்.
நானும், கொஞ்சம்.
பிறகு ஆம்புலன்ஸ்.

பிறகு அக்டோபர்.
போர்வைக்குள் ஒரு மேடு.
மேட்டருகே கம்பு ரொட்டி வைப்பேன், எடுப்பேன்,
வைப்பேன்.
நாலு மாதத்தில் அவள் எழுதியது இவ்வளவுதான்:
பால். பல்பு. உப்பு.
உப்பை அடித்திருந்தாள்.
மூன்றாவது பொருள் கனக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

கணக்கை முடித்துவிடுகிறேன்.
நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு குப்பை:
ஒரே ரயில், ஒரே பறவை, பக்கம் பக்கமாக.
மிச்சம் மூன்று.
இன்றைக்கும் நடனக் கொட்டகைகளில் அவற்றுக்குத்தான் ஜோடிகள் எழுந்து வருகிறார்கள்,
எங்கள் வீட்டு வாடகையும் அவைதான்.
அந்த மூன்றில் இரண்டு,
அவள் நன்றாக இருந்தபோது
நாலு வருடம் சட்டைப் பையில் போட்டு நடந்த மெட்டு.
இதை யாரும் கேட்பதில்லை.

வானொலியிலிருந்து வந்த பையன் நல்லவன்.
பூனையைக்கூடத் தடவிக்கொடுத்தான்.
“நோய் இல்லையென்றால் இந்தப் பாட்டுகள் வந்திருக்குமா?”
ஹில்க்கா காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.
லித்தியத்தின் நடுக்கம் ஒரு கைக்கு அடங்காது.
“வீடு எரியும்போது வெளிச்சம் இருக்கும்தான்.
அதில் உட்கார்ந்து யாரும் புத்தகம் படிப்பதில்லை.”
பையன் எழுதிக்கொண்டான்.
நான் அடுப்பைத் துடைத்தேன்,
சுத்தமாக இருந்த அடுப்பை.

படித்தவன் நான்தான்.

மூன்றாம் வருடம், மே மாதம்.
இசைத்தட்டுக்கு நாலு பாட்டு குறைந்தது.
முன்பணம் கரைந்திருந்தது.
மாத்திரைப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தின் மூடி
திறக்காமல் இருந்ததைப் பார்த்தேன்.
சனியும்.
ஞாயிறன்று சாப்பாட்டு மேசையில்
கத்தியால் தாளம் தட்டத் தொடங்கினாள்.
என் விரல்கள் அக்கார்டியனைத் தேடிப் போயின,
பெட்டியைத் தேடிப் போகவில்லை.
செவ்வாய் இரவு அவளே வந்து
பெட்டியை என்முன் வைத்தாள்.
“எண்ணத் தெரிந்தவன்தானே நீ, எஸ்கோ?”
அதற்குமேல் ஒரு சொல் இல்லை,
அன்றைக்கும், இன்றுவரைக்கும்.

மாதம் ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள்.
பூஜ்ஜியம் புள்ளி ஏழு என்று வந்தால்
குளிர்பெட்டியில் ஒட்டிவைக்கிறாள்,
பள்ளிப் பிள்ளை மதிப்பெண் மாதிரி.
கிதார் கம்பியில் விரல் தடுக்குவதால்
வில்லையால் மீட்டக் கற்றுக்கொண்டாள்.
ஏழு மாதமாக ஒரே பாட்டு.
முதல் சரணம் இருக்கிறது.
இரண்டாவதில் ஒரு பெண் படகுக் கொட்டகையைப் பூட்டிவிட்டுத் திரும்புகிறாள்.
திரும்பி எதைப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை.
“பனி?” என்கிறேன்.
“பனியை எல்லோரும்தான் பார்க்கிறார்கள்.”
“புகை?”
பதில் இல்லை.

வெள்ளிக் கட்டத்தைத் திறந்து பார்த்தேன். காலி.
காற்றுப் பொத்தானை அமுக்கி
துருத்தியை முழுதாக விரித்து
கட்டை எதையும் தொடாமல்
உள்ளே வாங்கிய காற்றோடு உட்கார்ந்திருக்கிறேன்.
அவள் பென்சிலைச் சீவுகிறாள்.
ஏற்கெனவே கூராகத்தான் இருக்கிறது.