மூன்றா எட்டா

விஸ்துலா கடலில் கலக்கும் இடத்தில்
ஆகஸ்ட் முழுக்க
இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று.
இரவென்றும் மழையென்றும் விலக்கில்லை.
கரையோரம் நாற்பத்தாறு கம்பிக் கூண்டுகள்.
அழுகிய பாசியில் புழு பொறுக்கியபடி
நடந்தே உள்ளே வந்துவிடும் உள்ளான்கள்.
வந்த வழி மட்டும் தெரியாது.

போக்னா வளையம் மாட்டுவாள்.
கயெத்தான் அளப்பான்: அலகு, இறக்கை, கால்.
நான் எழுதுகிறவள்.
கப்பல் பட்டறையில் முப்பது வருஷம்
ஆணிக் கணக்கு எழுதிய கை.
ஆணிகள் கடித்ததில்லை,
உள்ளான்களும் கடிப்பதில்லை,
ஆனால் எச்சமிடும், பேரேட்டின் மேலேயே.

பழைய ஃபிலிம் டப்பாவில் தலைகீழாய்ச் செருகித்
தராசில் வைத்தால்
நாற்பத்தேழு கிராம்.
"சைபீரியாவிலிருந்து வருகிறதாம்,
ஒரு முட்டை கனம்கூட இல்லை"
என்பார் ஜெனோன், வருஷம் தவறாமல்,
வாணலியில் முட்டை உடைத்துக்கொண்டே.
சமையல் அவர் பொறுப்பு.
எந்தப் பறவைக்கும் அவரிடம் பெயர் கிடையாது.
சின்னது, பெரியது. தீர்ந்தது.

மழை விட்ட இரவு, இரண்டு மணிச் சுற்று.
பதினேழாம் கூண்டில் ஒன்றே ஒன்று.
வயிற்றுக் கருப்பு இன்னும் உதிராத கிழடு.
காலில் ஏற்கெனவே வளையம்.
உப்பும் மணலும் அரித்து
வெங்காயச் சருகாய் மெலிந்திருந்தது.

நெற்றிவிளக்கைத் தாழ்த்திப்
போக்னா வாசிக்க, நான் எழுதினேன்.
ஏழு. பூஜ்யம். நான்கு. நான்கு. ஒன்று.
கடைசி எண்ணில் குரல் நின்றது.
மூன்று.
கயெத்தான் குனிந்து பார்த்தான்: எட்டு.
பூதக்கண்ணாடி. பென்சில் கரி. எச்சில்.
மூன்றா எட்டா.
மூன்றை மூடினால் எட்டு.
மூடியது தேய்ந்தால் மறுபடி மூன்று.

மூன்றை எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு வருஷம் முன்பு, இதே மேசை.
பிறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும்.
வரி என் கையெழுத்து.
அந்தப் பக்கத்தில் காப்பிக் கறைகூட உண்டு.

எட்டையும் தெரியும்.
அதே கம்பியில் கோத்து வந்த வளையம், அதே வாரம்.
மறு வருஷம் மொராக்கோவிலிருந்து கடிதம்:
இத்ரீஸ் என்கிற உப்பளக் காவல்காரர்,
வரப்பில் செத்துக் கிடந்தது, எண் இது,
இறகு அனுப்பட்டுமா என்று.
செத்தது என்று எழுதிப் பக்கத்தில் தேதி போட்டேன்.
அன்று சேற்றைத் துடைத்துவிட்டு அவர் வாசித்தாரா,
துடைக்காமலா?

ஆக இந்தக் கையில் துடிப்பது எதுவோ
அது தவிர்த்த மற்றது
அங்கே கிடந்தது.
இதை நான் சொல்லவில்லை.
"சீக்கிரம் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

இடுக்கியை எடுக்கப் போக்னா திரும்பினாள்,
பறவை கயெத்தானின் கைக்கு மாறியது.
மாறும்போது ஒரு விரல் தளர்ந்தது.
ஒரே விரல்.

சத்தம்கூடப் போடவில்லை அது.
விளக்கு வெளிச்சத்தைத் தாண்டியதும்
இருட்டில் எங்கே என்று தேடுவது?
ஆற்றுப் பக்கமா, கடல் பக்கமா,
அதையும்தான் எழுத வேண்டும், எழுதவில்லை.

யாரும் திட்டவில்லை.
கயெத்தானின் கை மட்டும்
பறவை அளவுக்கே குவிந்து நின்றது வெகுநேரம்.
"நேரம்?" என்றாள் போக்னா.
இரண்டு நாற்பது.

பேரேட்டில் கேள்விக்குறி போடக்கூடாது
என்பது நானே கொண்டுவந்த விதி.
பென்சிலை வைத்துவிட்டு
ஈரக் காலுறையைப் பிழிந்தேன்.

கூடாரத்தில் ஜெனோன் சூப் ஊற்றினார்.
"என்ன கிடைத்தது?"
ஒன்று.
"சின்னதா, பெரியதா?"
சின்னது.
"பின்னே என்ன," என்று
ரொட்டியை என் பக்கம் தள்ளினார்.

நான்கு மணிச் சுற்றுக்கு
கயெத்தான் முன்னால் நடந்தான்.
பதினேழாம் கூண்டில்
அவன் விளக்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.