மலையில் மேய்ந்த மத்யமம்

எண்டிங்கனில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு
இரண்டு வாசல். அக்கம்பக்கமாய்,
ஒரே உயரம், ஒரே பச்சை.
யூதருக்கு ஒன்று, கிறிஸ்தவருக்கு ஒன்று என்று
அந்தக் காலத்தில் வைத்தார்களாம்.
இப்போது இடது வாசலில் நான்,
வலது வாசலில் பல் மருத்துவரின் சைக்கிள்.

ஊர் நடுவே மணி அடிப்பது யூத ஜெபாலயம்.
பாடேன் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு
ஐந்தரைப் பேருந்தைப் பிடிக்க
அந்த மணியைத்தான் நம்பியிருக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதற்கு என்னிடம் சாட்சி இல்லை.
சுவர் மெல்லிசு. அவ்வளவுதான் ஆதாரம்.

நஃப்தாலி பொல்லாக் என்று ஒருவன் இருந்தான் என்று வையுங்கள்.
வாரம் முழுக்க மாட்டுத் தரகு,
வெள்ளி மாலை ஜெபாலயத்தில் பாடகன்.
வியாழன் இரவு ஒத்திகை,
பிள்ளைகள் விழிக்காதபடி
போர்வைக்குள் வாயை வைத்து.
சுவருக்கு அப்பால் ஃப்ரேனி,
தூங்காத குழந்தையைத் தோளில் போட்டபடி
கேட்டாள். வார்த்தை புரியவில்லை.
ராகம் கைக்கு எட்டியது; எடுத்துக்கொண்டாள்,
பக்கத்து வீட்டில் உப்பு வாங்குவது போல,
திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல்.

குழந்தைக்குப் பாடியது பசுவுக்கும் ஆனது.
வைகாசியில் பசு மலையேறிற்று,
கூடவே அவள் தம்பி மெல்க்,
அவன் தோளில் ஆளைவிட நீளமான மரக்கொம்பு.

அந்தக் கொம்புக்குத் துளை கிடையாது.
தனக்கு வரும் ஸ்வரம்தான் அதற்கு வரும்.
அதன் மத்யமம் ஒரு மாதிரி:
சுத்தத்துக்கு மேலே, பிரதிக்குக் கீழே,
எந்தப் படியிலும் உட்காராமல்
விளிம்பில் ஒட்டி நிற்கும்.
கோடை முழுக்கப் பனிமலைக்கு எதிரே
ஊதி ஊதி, நஃப்தாலியின் நான்காம் ஸ்வரம்
இருந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது.

புரட்டாசியில் மாடு இறங்கியது,
தலையில் பூ, கழுத்தில் மணி.
தரகு பேச வந்த நஃப்தாலி
மெல்க் ஊதக் கேட்டு
விலையை மறந்தான். இரண்டு ஃபிராங்க் நட்டம்.
"மலைக்காரன் பாட்டு! என்ன பாட்டு!" என்று
வீடு வரை முணுமுணுத்தான்.
பெற்ற மகனே தாடி வளர்த்து வந்து நின்றால்
யாருக்குத்தான் சட்டென்று தெரிகிறது?

அந்த வெள்ளி, ஓய்வுநாளை வரவேற்க
எல்லோரும் வாசல் பக்கம் திரும்பும் நேரத்தில்
அதைப் பாடினான்.
பின்வரிசையில் ஒரு கால் தாளம் போட்டது.
சபைத் தலைவர் பிக்கார் இருமினார்.
வெளியே வந்ததும் சொன்னார்:
"பொல்லாக், உன் நான்காம் ஸ்வரத்தில் சாணி மணக்கிறது."
மாடு விற்ற காசில்தானே ஐயா
இந்த மணியையே வாங்கினோம் என்று
சொல்ல நினைத்தான் நஃப்தாலி.
தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

தெருவில் நின்ற ஃப்ரேனிக்கும் அது கேட்டது.
ஜன்னல் திறந்திருந்ததே.
எங்கள் மாட்டுப் பாட்டு இவனுக்கு எப்படிப் போனது?
சனிக்கிழமை அவர்கள் அடுப்பை மூட்ட வந்தவள்,
எரியும் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு
கேட்டேவிட்டாள்.
அவன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டான்,
தன்னுடையதற்கு.
அவளும் பெரிய மனசு பண்ணி மன்னித்தாள்,
தன்னுடையதல்லாததற்கு.
குச்சி விரலைச் சுட்டது.

விடியுமுன் பல் துலக்கும்போது
நானும் ஏதோ முனகுகிறேன்.
கோயிலில் கேட்டதா, ரேடியோவில் கேட்டதா,
மானிப்பாயில் எங்கள் தெருவில்
ரொட்டி விற்றவன் கூவியதா, தெரியாது.
நேற்று பல் மருத்துவர் வாசலில் நிறுத்தினார்.
சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
மகள் செல்லோவில் அதை வாசிக்கிறாளாம்,
நடுவில் ஒரே ஒரு இடம்
பிடிபட மாட்டேன் என்கிறதாம்.
எந்த இடம் என்று கேட்பதற்குள்
மணி அடித்துவிட்டது.
பேருந்து.